சென்னையின் எஃப்.சி.க்கு அடுத்த கோச் யார்? அதற்கு முன் அந்த ஏழு பேர் யார்?

இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்தில் சென்னையின் எஃப்.சி. தொடர்ந்து இரண்டு ஆட்டம் தோற்றால் போதும், பேச்சு கோச்சிடம் வந்து நிற்கும். பெரிய பெயராகக் கொண்டுவா என்பார்கள் சிலர். இந்தியக் கோச்சுக்கு வாய்ப்புக் கொடு என்பார்கள் சிலர். பழைய ஆளையே கூப்பிடு என்று இன்னும் சிலர். மூன்று தரப்புக்கும் அவரவர் நியாயம் உண்டு. ஆனால் மூவருமே ஒரு கணக்கைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதை முதலில் போட்டுவிடலாம்.

2022-23 சீசனில் தாமஸ் ப்ரடாரிச் கோச். 20 ஆட்டம், 27 புள்ளி, எட்டாம் இடம். 2023-24-ல் ஓவன் கோய்ல் திரும்பி வந்தார். 22 ஆட்டம், அதே 27 புள்ளி, ஆறாம் இடம். 2024-25-லும் கோய்ல்தான். 24 ஆட்டம், மறுபடியும் 27, பதினோராம் இடம். மூன்று சீசனும் ஒரே எண்ணில் முடிந்தது தற்செயல்தான். ஆனால் ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று வகுத்தால் 1.35, 1.23, 1.13 என்று இறங்கிக்கொண்டே வருகிறது. நடுவில் ப்ளே ஆஃப் போன வருடத்தை முன்னேற்றம் என்று கொண்டாடினோமே, அந்த வருடமும் இந்தச் சரிவுக்குள்தான் இருக்கிறது. முதல் ஆறு இடத்துக்கும் ப்ளே ஆஃப் என்ற விதி இருந்ததால் 27 புள்ளிக்கே கதவு திறந்தது, அவ்வளவுதான். அங்கே கோவாவிடம் 2-1 என்று தோற்று வெளியே வந்தோம்.

இரண்டு கோச். ப்ரடாரிச் முன்னேறி அழுத்தி ஆடச் சொல்பவர், தன் சீசனில் 36 கோல் அடித்து 37 வாங்கியவர். கோய்ல் இதே லீக்கில் இதே கிளப்பை இறுதிப் போட்டிவரை கொண்டுபோனவர். இருவர் கையிலும் விளைவு ஏறக்குறைய ஒன்றுதான் என்றால், குறையைக் கோச்சின் நாற்காலியில் மட்டும் தேடிப் பயனில்லை.

நான் பார்க்கச் சொல்வது விதி மாறிய வருடங்களை. ஐ.எஸ்.எல். தொடங்கிய 2014 முதல் 2016 வரை களத்தில் 6 வெளிநாட்டவர் ஆடலாம், இந்தியர் 5 பேர் போதும். 2017-18 முதல் வெளிநாட்டவர் 5, இந்தியர் 6. 2021-22 முதல் வெளிநாட்டவர் 4, இந்தியர் 7. இதன் பக்கத்தில் நம் வரலாற்றை வைத்துப் பாருங்கள். மார்கோ மாட்டராஸி காலத்தில் 2015 கோப்பை, 6 வெளிநாட்டவர். ஜான் கிரிகோரியின் 2017-18 கோப்பை, 5 வெளிநாட்டவர். கோய்லின் 2020 இறுதிப் போட்டி, அதுவும் 5. நான்கு வெளிநாட்டவர் விதி வந்தபின் 2025 வரை நம் இடங்கள் 8, 8, 6, 11.

பழைய விதியிலும் விழுந்திருக்கிறோம், இல்லை என்று சொல்லவில்லை. 2016-ல் எட்டு அணிகளில் ஏழாவது. 2018-19-ல் 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 13 தோல்வி, 9 புள்ளியோடு கடைசி. ஆனால் அப்போதெல்லாம் அடுத்த சீசனே எழுந்துவிட்டோம். 2016-க்குப் பிறகு கோப்பை, 2018-19-க்குப் பிறகு இறுதிப் போட்டி. ஒரு மெண்டோசா கிடைத்தால், ஒரு வால்ஸ்கிஸ் கிடைத்தால் அணியே மாறிவிடும். 2015-ல் மெண்டோசா 13 கோல், 2019-20-ல் வால்ஸ்கிஸ் 15 கோல். நல்ல ஸ்ட்ரைக்கர் ஒருவர் பத்து ஓட்டைகளை மூடுவார் என்ற காலம் அது. களத்தில் ஏழு இந்தியர் என்று ஆனபின் ஒரு நல்ல வெளிநாட்டு ஸ்ட்ரைக்கரை மட்டும் வைத்துக்கொண்டு அந்தத் தந்திரம் பலிப்பதில்லை.

இந்த ஏழு பேர் எங்கே நிற்கிறார்கள்? லீக்கில் பெரும்பாலான அணிகள் வெளிநாட்டு இடங்களைச் செலவழிக்கும் முறை ஒன்றுதான்: ஒரு சென்டர் பேக், ஒரு மிட்ஃபீல்டர், ஒரு அட்டாக்கிங் மிட்ஃபீல்டர், ஒரு ஸ்ட்ரைக்கர். 4-2-3-1 என்று வைத்துக்கொண்டால் மிச்சம் கோல்கீப்பர், இரண்டு ஃபுல்பேக், ஒரு சென்டர் பேக், ஒரு மிட்ஃபீல்டர், இரண்டு விங்கர். அகலம் முழுக்க இந்தியர் கையில். பந்தைப் பின்னாலிருந்து தொடங்கி வைக்கும் வேலையிலும் பாதி அவர்கள் கையில்.

எதிரணிக்கும் இது தெரியும். நம் கீப்பர் பந்தைக் கையில் எடுத்ததும் அவர்கள் ஸ்ட்ரைக்கர் நேராக வெளிநாட்டு சென்டர் பேக்கை மறித்து நிற்பார். பந்து வேறு வழியில்லாமல் மற்ற சென்டர் பேக்கிடம் போகும், அங்கிருந்து பக்கக் கோட்டோரம் நிற்கும் ஃபுல்பேக்கிடம். அந்த இடத்தில்தான் இரண்டு பேர் பாய்வார்கள். ஃபுல்பேக்குக்கு ஒரு பக்கம் கோடு, பின்னால் கீப்பர், முன்னால் முதுகைக் காட்டி நிற்கும் விங்கர். தூக்கி அடிப்பார், பந்து போய்விடும். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு ‘என்னப்பா, ஒரு பாஸ்கூடப் போடத் தெரியலையா’ என்றுதான் தோன்றும். கோச் பின்னாலிருந்து கட்டி ஆடும் முறையைச் சொல்லியிருந்தால் ஆட்டத்துக்கு ஏழெட்டு முறை இது நடக்கும். அதில் ஒன்று கோலாகும்.

மூன்று சென்டர் பேக் போடு என்பது அடுத்த யோசனை. போடலாம். ஆனால் மூவரில் இருவர் வெளிநாட்டவர் என்றால் முன்னால் ஒரு வெளிநாட்டு இடம் குறையும். ஒருவர்தான் என்றால் இன்னும் ஒரு நல்ல இந்திய சென்டர் பேக் வேண்டும். சந்தையில் மிகக் குறைவாகக் கிடைப்பதும், கிடைத்தால் மோகன் பகானோ மும்பையோ எடுத்துக்கொண்டு போவதும் அந்தச் சரக்குதான்.

இப்போது நம்மிடமிருந்து போனவர்களை நினைத்துப் பாருங்கள். லாலியன்சுவாலா சாங்டே 2022 ஜனவரியில் மும்பை சிட்டி போனார், அடுத்த சீசனுக்கே நாட்டின் சிறந்த வீரர் விருதை வாங்கினார். அனிருத் தாபா 2023-ல் மோகன் பகான். ஆகாஷ் சங்வான் 2024-ல் கோவா. ரஹீம் அலி அதே வருடம் ஒடிஷா. விங்கர், மிட்ஃபீல்டர், ஃபுல்பேக், ஃபார்வர்டு என்று அந்த ஏழு இடங்களிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றிருக்கிறது. ஈடாக 2024-ல் மந்தார் ராவ் தேசாய், கியான் நசிரி, லால்ரின்லியானா நம்தே என்று ஒரே விண்டோவில் (வீரர்களை வாங்கிப் பதிவு செய்யும் காலம்) கூட்டமாக ஆள் சேர்த்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் மோசமான ஆட்கள் இல்லை. ஆனால் பின்வரிசையையும் அதன் முன்னால் நிற்கும் மிட்ஃபீல்டையும் ஒரே கோடையில் மாற்றினால், யார் எப்போது முன்னேறுவார், யார் காவல் நிற்பார் என்ற ஒழுங்கு பிடிபடவே பத்து ஆட்டம் ஆகும். 24 ஆட்ட லீக்கில் அது கிட்டத்தட்டப் பாதி.

இந்த அளவுகோலோடு அடிக்கடி அடிபடும் பெயர்களுக்கு வருவோம்.

செர்ஜியோ லொபேரா. கோவாவில் அழகான ஆட்டம், மும்பையில் 2020-21-ல் ஷீல்டும் (லீக் அட்டவணையில் முதலிடத்துக்குத் தரும் பரிசு) கோப்பையும். கேட்பதில் தப்பில்லை. ஆனால் அவர் தனியாக வருவதில்லை. கோவாவிலிருந்து மும்பை போனபோது அகமது ஜாஹூ, மூர்ததா ஃபால், ஹியூகோ பூமோஸ் என்ற வெளிநாட்டு வீரர்கள் மூவரும் அங்கே போனார்கள். ஒடிஷாவுக்குப் போனபோது ஜாஹூவும் ஃபாலும் மறுபடி அவரோடு. அவருடைய முறையே ஜாஹூ மாதிரி ஒருவர் ஆழத்திலிருந்து பந்தை விநியோகிப்பதில் நிற்கிறது. ஆகவே ‘லொபேரா வேண்டும்’ என்பதற்குப் பொருள் ஒரு கோச்சின் சம்பளமும், மூன்று வெளிநாட்டவர் சம்பளமும், பின்னாலிருந்து பந்தைக் கடத்தத் தெரிந்த இந்திய டிஃபென்ஸும். நம் கிளப்பின் செலவுப் பழக்கத்தைப் பார்த்தவர்கள் இதை நம்பிக் கேட்கிறார்களா, சும்மா கேட்டு வைக்கிறார்களா, தெரியவில்லை.

மனோலோ மார்க்கேஸை யாராவது சொன்னால் நான் காது கொடுப்பேன். அவரே வருவார் என்பதால் அல்ல, அவர் ஹைதராபாத்தில் செய்த வேலை நமக்கு மாதிரி என்பதால். 2020-ல் அவர் எடுத்தபோது அந்த அணியில் ஆகாஷ் மிஸ்ரா, ஆஷிஷ் ராய், லிஸ்டன் கொலாசோ என்று பெயர் தெரியாத பையன்கள். இரண்டு ஃபுல்பேக்கும் ஒரு விங்கரும், அதாவது நாம் மேலே எண்ணிய அதே இடங்கள். பிழை செய்தாலும் வெளியே உட்கார வைக்காமல் ஆட விட்டார். நான்கு வெளிநாட்டவர் விதி வந்த முதல் சீசனிலேயே, 2021-22-ல், கோப்பை ஹைதராபாத்துக்குப் போனது. கொலாசோ அதற்குள் மோகன் பகான் போயிருந்தும் அது நடந்தது.

கோய்ல் திரும்ப வரட்டும் என்பவர்கள் 2019-20-ஐ வைத்துப் பேசுவார்கள். அது உண்மையிலேயே நல்ல வேலை. கிரிகோரியின் முதல் ஆறு ஆட்டத்தில் ஒரே வெற்றி, முதல் நான்கில் ஒரு கோல்கூட இல்லை. பிறகு வந்த கோய்ல் மிச்சமிருந்த 12 ஆட்டத்தில் 7 வென்று நான்காம் இடம் பிடித்தார். புதிதாக அணி கட்டவில்லை. மிட்ஃபீல்டர் கிரிவெல்லாரோவுக்கு வால்ஸ்கிஸின் பின்னால் கட்டுப்பாடில்லாத இடம் கொடுத்தார், சாங்டேயை டிஃபென்ஸின் முதுகுப்பக்கம் ஓடச் சொன்னார், வரிசையை மேலே ஏற்றினார். வீரர்கள் ஏற்கெனவே இருந்தார்கள், பொருத்துவதுதான் பாக்கி என்ற நிலையில் அவர் வந்தார். ஜாம்ஷெட்பூரில் 2021-22 ஷீல்டை நான்கு வெளிநாட்டவர் விதியிலேயே வென்றார் என்பதும் உண்மை. ஆனால் அங்கே அவருக்கு ஓரளவு நிலையான இந்திய வரிசையும் வெளிநாட்டு அட்டாக்கர் கிரெக் ஸ்டூவர்ட்டும் இருந்தார்கள். அடித்தளமே கலைந்த அணியை எடுத்துக் கட்டுவது வேறு வேலை. அதில் அவர் என்ன செய்தார் என்பது அந்தப் பதினோராம் இடத்தில் இருக்கிறது.

கோய்ல் 2020-ல் போனபோது நடந்ததையும் மறக்கக்கூடாது. வால்ஸ்கிஸும் ஜாம்ஷெட்பூர் போனார். சாபா லாஸ்லோ வந்தார், கிரிவெல்லாரோ சீசன் நடுவில் காயப்பட்டு வெளியேறினார், 20 ஆட்டத்தில் 17 கோல், 11 டிரா. லாஸ்லோவைத் திட்டிய அளவுக்கு அன்று கோல் அடிக்க ஆள் வாங்காதவர்களை யாரும் திட்டவில்லை.

இந்தியக் கோச் என்ற வாதத்துக்கு வருவோம். முன்பு இதை தேசப்பற்றாகப் பேசினார்கள், இப்போது நடைமுறையாகவே பேசலாம். ஏழு இந்தியரை ஆட வைக்க வேண்டுமென்றால், ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீகிலும் மாநில அணிகள் ஆடும் சந்தோஷ் டிராஃபியிலும் யார் இருக்கிறார் என்று தெரிந்தவர் முன்னால் நிற்கிறார். காலித் ஜமீல் 2016-17-ல் ஐஸ்வாலை ஐ-லீக் சாம்பியன் ஆக்கியதும், 2024-25-ல் ஜாம்ஷெட்பூரை 38 புள்ளிக்குக் கொண்டுபோனதும் அப்படித்தான். ஜாம்ஷெட்பூர் அந்தச் சீசனில் நம்மைவிட 11 புள்ளி அதிகம். அவர் 2025 ஆகஸ்டில் இந்திய அணிக்குக் கோச்சாகப் போய்விட்டார்.

கோய்லுக்குப் பின் நம் கிளப் எடுத்த கிளிஃபர்ட் மிராண்டாவும் இந்த வகைதான். 2020-ல் கோவா லொபேராவை அனுப்பியபோது இடையில் பொறுப்பேற்றவர் அவர். அந்த அணியைத்தான் அரையிறுதியில் மெரினா அரேனாவில் 4-1 என்று அடித்தோம். 2023-ல் ஒடிஷாவோடு சூப்பர் கோப்பை வென்றார். அந்த அணியின் விங்கர் நந்தகுமார் சேகர், சென்னைப் பையன். நம் ஊர்ப் பையனை வேறு ஊர் அணியில் பார்த்துக் கைதட்டுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. ஆனால் மிராண்டா வந்த நேரத்தைப் பாருங்கள். 2025 ஆகஸ்டில் கிளப் தன் வேலைகளையே நிறுத்தி வைத்திருந்தது. லீக்கை நடத்தும் உரிம ஒப்பந்தம் டிசம்பர் 8-ல் முடிய இருந்தது, சீசன் நடக்குமா என்பதே கேள்வியாக இருந்தது. கடைசியில் 2026 பிப்ரவரியில், 14 அணி, ஒருவரோடு ஒருவர் ஒரே முறை, அணிக்கு 13 ஆட்டம் என்று தொடங்கியது. 13 ஆட்ட லீக்கின் அட்டவணையை வைத்து எந்தக் கோச்சையும் எடை போடுவது சரியில்லை. யார் எத்தனை ஆட்டம் சொந்த ஊரில் ஆடினார் என்பதே இரண்டு மூன்று இடத்தை மாற்றிவிடும்.

உள்ளூர் ஆளைப் போடு என்பவர்கள் சபீர் பாஷாவைச் சொல்வார்கள். 2022 பிப்ரவரியில் கோவாவிடம் 5-0 தோற்றதும் அப்போதைய கோச் பாந்தோவிச்சை அனுப்பிவிட்டு சபீரைத்தான் நிறுத்தினார்கள். சீசன் முடியும் தறுவாயில் கொடுத்த பொறுப்பு அது, அதை வைத்து அவரைத் தேர்வு எழுதவைத்தது அநியாயம். முன்னாள் வீரர்கள் பெயரை அடுக்குபவர்களுக்கு ஒரு சின்ன விஷயம்: ஐ.எஸ்.எல். தலைமைக் கோச்சுக்கு ஏ.எஃப்.சி. புரோ உரிமமோ அதற்கு இணையான ஐரோப்பிய புரோ உரிமமோ வேண்டும். கிளப் உரிம விதி அது. பெயரைச் சொல்லும் முன் அந்த ஒன்றைப் பார்த்துவிட்டால் பாதிப் பட்டியல் தானாகக் குறையும்.

சீசன் நடுவில் மாற்றலாமா? மாற்றினால் புதியவர் எதைத் தொட முடியும் என்று தெரிந்துகொண்டு கேட்க வேண்டும். முதல் பத்து நாளில் மாற்றக்கூடியவை கொஞ்சம்தான்: கார்னரில் யார் யாரை மறிப்பது, டிஃபென்ஸ் வரிசை எவ்வளவு உயரத்தில் நிற்பது, கீப்பர் பந்தைக் குட்டையாகக் கொடுப்பதா தூக்கி அடிப்பதா, பதினோரு பேரில் இரண்டு மூன்று பேரின் இடம். அழுத்தி ஆடும் முறையைப் பதினைந்து நாளில் பழக்க முடியாது. உடல்தகுதி முன்-சீசனில் ஏற்றியதுதான், நடுவில் ஏற்றப் போனால் தொடைத் தசை கிழியும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நமக்கு மழைக்காலம். ஊறிய மைதானத்தில், கடற்கரைப் புழுக்கத்தில், 70 நிமிடம் முன்னேறி அழுத்தச் சொல்லும் கோச்சுக்குப் பெஞ்சில் அதே வேகத்தில் ஓடும் மூன்று பேர் வேண்டும். நம்மிடம் பெரும்பாலான வருடங்களில் ஒருவர்தான் இருந்தார். ஆள் சேர்க்க ஜனவரி விண்டோவரை காத்திருக்க வேண்டும், அதற்குள் கிடைப்பது எந்த அணியிலும் இல்லாதவர் மட்டும்.

புதுக் கோச் வந்ததும் மூன்று ஆட்டம் ஜெயித்தால் ‘பார்த்தாயா’ என்று சொல்ல அவசரப்பட வேண்டாம். அந்த மூன்று எதிரணி யார், எங்கே நடந்தது, முன்னவர் அதே அணிகளோடு என்ன எடுத்தார் என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோச்சை மாற்றுவது பெரும்பாலும் மிக மோசமான ஓட்டத்தின் அடியில். அங்கிருந்து யார் வந்தாலும் கொஞ்சம் மேலே வரும்.

‘தூக்கு’ என்று சொல்பவர்கள் செலவையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக் கோச்சின் ஒப்பந்தத்துக்கு 2021 ஜனவரி முதல் ஃபிஃபா விதியே இருக்கிறது. தக்க காரணமில்லாமல் நடுவில் அனுப்பினால் மிச்சமிருக்கும் காலத்தின் சம்பளம் இழப்பீடு. அவர் அதற்குள் வேறு வேலையில் சேர்ந்தால் அந்தக் காலத்துக்கு அங்கே வாங்கும் தொகை கழியும். உதாரணத்துக்கு, மாதம் 12 லட்சம், 14 மாதம் பாக்கி என்றால் 1 கோடியே 68 லட்சம். அதில் 10 மாதம் வேறு கிளப்பில் 7 லட்சத்துக்கு வேலை பார்த்தால் 70 லட்சம் கழிந்து 98 லட்சம். அவரோடு வந்த உதவிக் கோச், ஃபிட்னஸ் கோச் கணக்கு தனி. தீர்ப்பு வந்தபின் கோச் தொகையைக் கேட்டு 45 நாளில் கிளப் கட்டாவிட்டால் புதிய வீரர்களைப் பதிவு செய்யத் தடை விழும், அதிகபட்சம் தொடர்ந்து மூன்று பதிவுக் காலம். அதாவது கோச்சை அனுப்பிய காசைக் கட்டாமல் இழுத்தால், அடுத்த கோச்சுக்குத் தேவையான அந்த ஃபுல்பேக்கை வாங்க முடியாது.

இதைத் தவிர்க்க வழி ஒப்பந்தத்திலேயே உண்டு. ஒரு வருடம், கூட ஒரு வருடம் விருப்பத் தேர்வு, முதல் ஆறுக்குள் வராவிட்டால் இரண்டோ மூன்றோ மாதச் சம்பளத்தோடு பிரியலாம் என்ற ஷரத்து. அப்படித் தொகை எழுதியிருந்தால் அதுதான் செல்லும். அடுத்த முறை கிளப் ஒரு பெயரை அறிவித்து, ரசிகர் குழுக்களான பி ஸ்டாண்ட் ப்ளூஸும் சூப்பர்மச்சான்ஸும் நிர்வாகத்தோடு உட்கார நேர்ந்தால், ஃபார்மேஷன் கேள்வியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். முதலில் கேட்க வேண்டியவை வேறு: இந்த ஷரத்து இருக்கிறதா, முன்-சீசனுக்கு அவருக்கு எத்தனை வாரம், ஏழு இந்தியரில் எத்தனை பேரின் ஒப்பந்தம் அடுத்த மே மாதத்தோடு முடிகிறது, அவர்களை நீட்டிப்பதில் கோச்சுக்குச் சொல் உண்டா, அடுத்த ஐந்து ரிசர்வ் ஆட்டங்களில் அவர் எத்தனையை நேரில் பார்க்கப் போகிறார்.